கையிருப்பில் ஒன்று

பஸ் டிப்போவின் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தப் பொருளானாலும் கடைசி ஒன்றை வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் கையிருப்பு காலி. காலியான பிறகு ஓர் அவசரம் வந்தால் என்ன செய்வது? இப்போது வந்து நிற்பதும் அவசரம்தானே என்று கேட்டவர்களுக்கு, கம்பிவலை ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒரே ஒரு பதிலைத்தான் தந்து வந்தார்.

"இருக்கட்டும்."

சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அவர் காதுபட இல்லாவிட்டாலும், காதிலிருந்து இரண்டடி தள்ளி, "இருக்கட்டும் வந்துட்டாரா?" என்றுதான் விசாரிப்பார்கள். வைப்பர் மோட்டார் போன ஒரு பஸ் மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. ஸ்டோரில் வைப்பர் மோட்டார் இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது. ஆகவே பஸ் நின்றது. "அண்ணே, அந்த பஸ்ஸையும் உள்ள வாங்கி வெச்சுக்குங்க. அதுவும் பத்திரமா இருக்கும்" என்று ஷெட் ஃபோர்மேன் ஜன்னலில் முகத்தை அழுத்திச் சொல்லிப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. இடம் இருந்தால் வாங்கி வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

வீட்டிலும் அவருக்கு ஒரு ஸ்டோர் உண்டு. படுக்கையறை மூலையில் நிற்கும் இரும்பு பீரோ. சாவி அவர் இடுப்பில் இருக்கும். குளிக்கும்போது ஜன்னல் கம்பியில், அவர் கண் பார்வையில் தொங்கும். பல்பு, குழாய்க்கு ரப்பர் வளையம், தாழ்ப்பாள், டார்ச்சுக்குக் கண்ணாடி என்று உள்ளே எல்லாமே இருந்தன, எல்லாமே ஒவ்வொன்று. ஹாலில் இருக்கும் கடிகாரம் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. அதற்கான பேட்டரி பீரோவில் நலமாக இருந்தது. மணி தெரிய வேண்டுமென்றால் அவர் மனைவி பால்கனிக்குப் போய் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் வாஷிங் மெஷின் நின்றுபோனது.

அடியோடு நின்றது என்று சொல்ல முடியாது. தண்ணீர் பிடித்தது, இப்படியும் அப்படியும் சுற்றியது, பிறகு அதே அழுக்குத் தண்ணீரில் அதே துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வரை சுற்றியது. அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வரவில்லை. அந்த நினைப்பைத் தருவது டைமர். முன்பக்கத்துக் குமிழுக்குப் பின்னால் உட்கார்ந்து, துவைத்தது போதும், அலசு, இனிப் பிழி என்று சொல்கிற சின்னப் பெட்டி. அது செத்திருந்தது.

"பீரோவுல ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"இருக்கு."

இருந்தது. மெஷின் வாங்கிய அன்றே, அதே கடையில், டைமர் ஒன்றையும் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தார் அவர். புது மெஷின் வாங்கும்போதே அதன் சாவுக்கும் ஏற்பாடு செய்கிற ஆளைக் கடைக்காரர் அன்றுதான் பார்த்தார்.

"அப்ப எடுத்துப் போட வேண்டியதுதானே."

"அது கடைசி ஒண்ணு."

"ஏங்க, முதல் ஒண்ணும் அதுதானே. வாங்கினதே ஒண்ணுதானே."

"இன்னொண்ணு கெடைக்கட்டும். கெடைச்சதும் இதை எடுத்துப் போட்டுடலாம்."

"இன்னொண்ணு கெடைச்சா அதையே நேராப் போட்டுடலாமே."

அவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். "புதுசா வர்றது உள்ள போகணும். முன்னாடி வந்தது வெளிய வரணும். அதுதான் முறை. உனக்கு ஸ்டோர் வேலை தெரியாது."

"தெரியாது. துவைக்கிற வேலைதான் தெரியும்" என்று அவள் மெஷினுக்குள் கையை விட்டு, நனைந்த போர்வையை வெளியே இழுத்தாள்.

மற்ற நாளாக இருந்தால் இது இவர்கள் இருவருக்குள் கிடந்து தேய்ந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து அவள் எங்கே போவது என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளையின் அம்மா வீட்டில் புது மெஷின் இருந்தது. துவைக்கும், காய வைக்கும், முடித்ததும் ஒரு பாட்டுப் பாடும். சம்பந்தியம்மா அதைப் பற்றி வலிய எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் அது பாடுகிற நேரமாக அமைந்துவிடும், அவ்வளவுதான்.

மகள் கட்டிலில் சாய்ந்தபடி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நம்ம மெஷின் ஓடுச்சுன்னா நம்ம வீட்டுக்கு வரேன். ஓடலைன்னா அத்தை வீட்டுக்குப் போயிடறேன். குழந்தைத் துணி மூட்டை மூட்டையா விழும். அம்மா அந்த வலிக்கிற மணிக்கட்டை வெச்சுக்கிட்டு அதைத் துவைக்க நான் விட மாட்டேன்."

"ஓடும், ஓடும். நீ நம்ம வீட்டுக்குத்தான் வர்றே" என்றார் அவர்.

வர வேண்டும் என்று அவர் தவித்தது உண்மை. அதில் சந்தேகமே வேண்டாம். மகளுடைய பழைய அறையை அவரே கூட்டித் துடைத்தார். கிறீச்சென்ற ஜன்னலுக்கு எண்ணெய் போட்டார். கொசுவலைக்கு ஆணி அடித்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்தபோது அது அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் வந்து பிரித்தும் விடவில்லை. கையில் கிடைத்ததை விடாத அந்தக் குணத்தைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன் ரத்தம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது.

பீரோவில் டைமர் இருக்கும் சங்கதியை மனைவி மகளிடம் சொல்லவில்லை. "அப்பா பார்ட்ஸ் தேடி அலைஞ்சுக்கிட்டு இருக்கார்மா" என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை. முழுதும் சொன்னால் மாப்பிள்ளை காதுக்குப் போகும், அங்கிருந்து சம்பந்தியம்மா காதுக்குப் போகும். புருஷனை ஊர் சிரித்தால் அந்தச் சிரிப்பில் பாதி தன் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே, தன்னிடம் இருக்கும் பொருளைத் தேடி அவர் ஊரெல்லாம் அலையத் தொடங்கினார்.

முதலில் பெரிய ஷோரூம். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், வரிசையாக நிற்கும் வெள்ளை மெஷின்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனைப் பையன் மாடல் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை முழுங்கினான்.

"சார், இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த மாடல்."

"நீ பொறந்து என்ன ஆச்சு? அது இன்னும் ஓடுது."

"ஓடலைன்னுதானே சார் வந்திருக்கீங்க?"

அவருக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பையன் விடவில்லை. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கச் சொன்னான். புதியதில் டைமரே கிடையாது, எல்லாம் ஒரே சர்க்யூட் அட்டை என்றான். அட்டை போனால்? அட்டையை மாற்றுவார்கள். அட்டை கிடைக்காவிட்டால்? மெஷினையே மாற்ற வேண்டியதுதான். இவ்வளவு வெட்கமில்லாமல் ஒருவன் பேசி அவர் கேட்டதே இல்லை. விருட்டென்று வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கு. அங்கே அவருடைய மெஷினின் உடன்பிறப்பு ஒன்று நிஜமாகவே இருந்தது. கிடங்கை நடத்தும் அம்மாள் அதைக் கவிழ்த்துப் போட்டு மேஜையாக வைத்திருந்தார். டைமர் இருக்க வேண்டிய ஓட்டையில் பல் துலக்கும் பிரஷ் நின்றது.

"டைமரா? அதைக் கழட்டிட்டுப் போனவரைத்தான் நீங்க பார்க்கணும்" என்றார் அந்த அம்மாள். "பழைய பார்ட்ஸ் கடை வெச்சிருக்கார். ரெட்டைக் கண்ணாடின்னா எல்லாருக்கும் தெரியும். அவர்கிட்ட இல்லாத பொருளே கெடையாது."

"அப்பாடா."

"என்ன அப்பாடா? அவர் கடையிலேருந்து பொருளோட வெளிய வந்தவங்களை நான் பார்த்ததும் கெடையாது."

ரெட்டைக் கண்ணாடியின் கடை, ரயில் பெட்டியின் நடைவழி மாதிரி ஒடுக்கமாக நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியுமாக நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். மாடல் பெயரைச் சொன்னதும் எழுந்திருக்கக்கூட இல்லை. தலைக்குப் பின்னால் கையை நீட்டி, பார்க்காமலே ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். திறந்தார். டைமர்.

ஸ்டோர் கீப்பருக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. "குடுங்க" என்றார்.

ரெட்டைக் கண்ணாடி பெட்டியை மூடினார். "ஒண்ணுதான் இருக்கு."

"எனக்கு ஒண்ணுதான் வேணும்."

"இல்லைங்க. ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னேன். இதைக் குடுத்துட்டேன்னா நாளைக்கு யாராவது வந்து கேட்டா இல்லைன்னு சொல்லணும். இந்தக் கடையில இல்லைங்கற வார்த்தை வந்தது கெடையாது."

"நாளைக்கு வர்றவருக்குக் குடுப்பீங்களா?"

"அவருக்கும் இருக்குன்னு சொல்லுவேன்."

ஸ்டோர் கீப்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக இந்த உலகத்தில் தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்தார். எதைச் சொல்லி எதிர்ப்பது? எல்லாம் அவர் தினமும் சொல்வது. மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறையில் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் முகம் பளபளவென்றிருந்ததைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"கெடைச்சுதா?"

"என்ன மனுஷன் தெரியுமா! அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததே இல்ல."

"குடுத்தாரா?"

"குடுக்க மாட்டார். யார் கேட்டாலும் குடுக்க மாட்டார்!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எதுக்கு வீட்டுக்கு வந்தீங்க? அவரையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இருந்திருக்கலாமே. ரெண்டு பேரையும் ஒரே அலமாரியில வெச்சுப் பூட்டியிருப்பாங்க."

"சனிக்கிழமைக்குள்ள அவரைச் சரிக்கட்டிடறேன்."

"உங்களை இத்தனை வருஷத்துல யாராவது சரிக்கட்டியிருக்காங்களா?"

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

வெள்ளிக்கிழமை மனைவி அவருக்குத் தெரியாமல் ஷெட் ஃபோர்மேனுக்குப் போன் செய்தாள். "தம்பி, நாளைக்குக் காலையில உங்க அண்ணன்கூட ஒரு கடைக்குப் போய்ட்டு வரணும். அவருக்குக் கேட்டு வாங்கத் தெரியலை. குடுக்க மாட்டேன்னு சொல்றவங்ககிட்ட நின்னு பேசிப் பழக்கப்பட்ட ஆளு வேணும்."

"அதுக்கு என்னை விட்டா யாரு அண்ணி இருக்கா?" என்றார் ஃபோர்மேன். கடைச் சங்கதியைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லீவு போட்டுக்கொண்டு, சனிக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்றார். வந்ததும் ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணே, பீரோவுல இருக்கறதையும் எடுத்துக்குங்க. அளவு ஒத்துப் பார்க்கணும்."

அளவு பார்க்கத்தானே என்று அவர் சம்மதித்தார். வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

ரெட்டைக் கண்ணாடி அன்றும் அதே இடத்தில், அதே இரண்டு கண்ணாடியோடு இருந்தார். ஸ்டோர் கீப்பர் மேஜைமேல் சாய்ந்து ஆரம்பித்தார். மகள், குழந்தை, மனைவியின் மணிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னார். எதிரில் இருந்தவர் அசையவில்லை. கடைசியில் ஸ்டோர் கீப்பருக்குக் கோபமே வந்துவிட்டது.

"பொருள்னா எதுக்குங்க? ஓடறதுக்குத்தானே? அலமாரியில உட்கார வெச்சு அழகு பார்க்கறதுக்கா?"

"அண்ணே, இது நான் பேசற வசனம்" என்றார் ஃபோர்மேன் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு. ஏங்க, அவசரத்துக்கு ஆகாத பொருள் இருந்து என்ன, இல்லாம என்ன?"

"இதுவும் என்னோடதுதான். ஜனவரியில சொன்னேன்."

ரெட்டைக் கண்ணாடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு பெட்டியைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு சொன்னார்.

"இருக்கட்டும்."

ஃபோர்மேன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டோர் கீப்பர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, மேஜைமேல் மற்றதற்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கா!" ரெட்டைக் கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். "அப்புறம் எதுக்குய்யா என்கிட்ட வந்தீங்க?"

"இது கடைசி ஒண்ணு" என்றார் ஸ்டோர் கீப்பர்.

ரெட்டைக் கண்ணாடியின் முகம் சட்டென்று மாறியது. அதற்குமேல் அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. "ஆமா. அதுவும் சரிதான்" என்றார் மிருதுவாக. இரண்டு பேரும் இரண்டு டைமரையும் பார்த்தபடி நின்றார்கள்.

ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் நல்லாப் பாருங்க. மேஜைமேல எத்தனை இருக்கு? ரெண்டு. ஒண்ணை எடுத்தா ஒண்ணு மிச்சம் இருக்கும்ல? கடைசி ஒண்ணு கடைசி வரைக்கும் இருக்கும்ல? ரெண்டு ஸ்டாக்கையும் ஒண்ணாச் சேர்த்துட்டா யாரு கொள்கையும் கெடாது."

இதை அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் கேட்ட இருவருக்கும் இருட்டறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

"கூட்டு ஸ்டாக்" என்றார் ரெட்டைக் கண்ணாடி.

"இதை நான் ஏன் யோசிக்கலை?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

கை குலுக்கிக்கொண்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், மிஞ்சுகிற அந்தக் கடைசி ஒன்று யாரிடம் இருக்கும்?

"என் கடையில இருக்கட்டும். அது உங்களோடதும்தான்."

"உங்க கடையில இருந்தா என் பீரோவுல என்ன இருக்கும்?"

"அது உங்க பீரோவுல இருந்தா, நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் எதைக் காட்டறது?"

"என் வீட்டுக்கு அனுப்புங்க. நான் காட்டறேன்."

"வீட்ல ஆள் இல்லைன்னா?"

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாரம் ஓரிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கொண்டுபோய்க் கொண்டுவருவதில் சேதாரமாகும் என்றார் மற்றவர். ஃபோர்மேன் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். வந்தபோது பேச்சு, கடை ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போட்டு ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்வது என்ற இடத்துக்கு வந்திருந்தது.

அப்போது ஸ்டோர் கீப்பரின் போன் அடித்தது. மகள்.

"அப்பா, பில் எல்லாம் முடிஞ்சுது. கீழ வண்டி நிக்குது. அத்தையும் வந்திருக்காங்க. எந்தப் பக்கம் போகச் சொல்லட்டும்?" பின்னால் குழந்தை சிணுங்கியது. "மெஷின் ஓடுதாப்பா?"

அவர் மேஜைமேல் இருந்த இரண்டையும் பார்த்தார். ரெட்டைக் கண்ணாடியைப் பார்த்தார். குழந்தை மறுபடி சிணுங்கியது.

"ஓடுது. நீ நம்ம வீட்டுக்கு வாம்மா" என்றார்.

கையில் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவர் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அப்ப என்கிட்ட இருக்கறது நம்ம ரெண்டு பேரோடதுதானே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டிருந்தது.

வீட்டில் ஃபோர்மேன் மெஷினின் முகப்பைத் திறந்து, செத்ததைக் கழற்றி, பீரோவிலிருந்து வந்ததைப் பொருத்தினார். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஸ்டோர் கீப்பர் திருகாணிகளை வாங்கித் தட்டில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதானா?" என்றாள். "அதேதான்" என்றார். எழுந்து போய் மகளுக்குக் கட்டிலில் விரிப்பு விரித்தாள். அவளே துவைத்து, அவளே பிழிந்த விரிப்பு.

கார் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பையோடு, சம்பந்தியம்மா குடையோடு, மகள் குழந்தையோடு மாடி ஏறி வந்தார்கள். குழந்தையின் ஆஸ்பத்திரித் துணிகளையெல்லாம் வாங்கி மெஷினில் போட்டு ஸ்டோர் கீப்பர் தன் கையாலேயே குமிழைத் திருப்பினார். தண்ணீர் விழுந்தது. டிரம் சுற்றியது. குமிழ் ஒரு கோடு நகர்ந்து, டொக்கென்று அடுத்த வேலைக்குப் போயிற்று. சம்பந்தியம்மாவைப் பார்க்காமல் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது" என்றார் சம்பந்தியம்மா. "சத்தம்தான் கொஞ்சம் கூட. அது பரவாயில்ல."

"கெடைச்சிடுச்சாப்பா!" மகள் முகம் மலர்ந்தது. "எங்க கெடைச்சுது?"

"ஒரு கடையில..." என்று ஆரம்பித்தார்.

மகள் குனிந்து தரையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியை எடுத்தாள். மூடியில், கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், 'டைமர், 1' என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. பள்ளிக்கூடம் போன காலத்தில், விடுமுறை நாட்களில் அப்பாவின் பீரோவுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை.

"இது நான் எழுதினதுப்பா."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வீட்லயே இருந்துச்சா?"

ஃபோர்மேன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மகள், தன் கையிலிருந்த குழந்தையை வாங்க நீண்டிருந்த அம்மாவின் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்குகளில் தோல் சோப்பு பட்டுப் பட்டு வெடித்து, சிவந்திருந்தது. வலது மணிக்கட்டில் பழைய துணியைச் சுற்றியிருந்தாள். "அம்மா இந்தக் கையால துவைச்சுக்கிட்டு இருந்தப்ப, இது பீரோவுல இருந்துச்சா?"

"அது கடைசி ஒண்ணும்மா" என்றார் அவர். இதைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும் என்று நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.

"அம்மாவும் ஒண்ணுதாம்ப்பா இருக்கு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி, "அம்மா, ஒரு பையில துணியை எடுத்து வெச்சுக்கோ. நீயும் எங்ககூட அத்தை வீட்டுக்கு வர்றே" என்றாள்.

"என்னடி பேச்சு இது? நான் வந்துட்டா இவருக்கு யாரு இருக்கா?"

"அவருக்கு பீரோ இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். எந்த வார்த்தையும் கையிருப்பில் இல்லை. மனைவி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தபடி நின்றாள். வேண்டாம் என்று அவர் சொன்னால் நின்றிருப்பாளோ என்னவோ, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லவில்லை. அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தாள்.

சம்பந்தியம்மா கடைசியாகப் படி இறங்கினார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாள் ஓய்வா இருந்துட்டு வரட்டும். எங்க வீட்ல துணி அதுவே காஞ்சிடும் பாருங்க" என்றார். ஜெயித்தவர்களுக்கு மட்டுமே வருகிற பணிவு அது.

ஃபோர்மேனும் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கிண்டலுக்கு எவ்வளவோ இருந்தும், "வரேண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதுதான் ஸ்டோர் கீப்பருக்கு அதிகம் உறைத்தது.

மெஷின் அலசியது, பிழிந்தது, ஒழுங்காக நின்றது. குழந்தையின் துணிகள் உள்ளேயே இருந்தன. அவசரத்தில் அவற்றை யாரும் நினைக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து உதறி, பால்கனிக் கொடியில் காயப் போட்டார். உள்ளங்கை அகலத் துணிகள். அவருக்குத் துணி காயப் போட்டுப் பழக்கமில்லை. உதறியதில் பாதித் தண்ணீர் அவர் சட்டையில்தான் இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ந்தவற்றை எடுத்து மடித்தார்.

சாயங்காலம் போன் வந்தது. மனைவி. பின்னால் சம்பந்தியம்மாவின் மெஷின் பாடிக்கொண்டிருந்தது.

"துணி காஞ்சுதா?"

"காஞ்சுது. மடிச்சுட்டேன்."

"நீங்களா?" அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது. "சரி. எடுத்துட்டு இங்க வாங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்னு சொல்றாங்க. குழந்தை முழிச்சிருக்கு."

"இதோ கெளம்பிட்டேன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணுகூட அங்க எடுத்து வெச்சுக்காதீங்க."

அவர் பீரோவைப் பார்த்தார்.

"ஏங்க?"

"ம்."

"ஏற்கெனவே வெச்சுட்டீங்களா?"

"இல்லையே" என்றபடி அவர் சத்தம் வராமல் பீரோவைத் திறந்து, டைமர் இருந்த இடத்திலிருந்து குழந்தையின் சின்னச் சட்டையை வெளியே எடுத்தார்.